பாம்பு இல்லாத பாம்புப் பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெண்டோசா ஏட்டின் ஓவியங்களை அண்மையில் பார்த்தேன். ஆஸ்டெக் அரசர்களின் தலையிலிருந்து ஒரு மெல்லிய கோடு கிளம்பி, பாம்பிலோ பறவையிலோ போய் முடிகிறது. இவை அவர்களுடைய குலச்சின்னங்களா, காவல் தெய்வங்களா?

க., தஞ்சாவூர்

அன்புள்ள க.,

இரண்டும் அல்ல, அவை எழுத்துகள். 1541ஐ ஒட்டி மெக்சிகோவில் உருவாகி, இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கும் அந்த ஏட்டில், நீங்கள் கண்ட கோடு ஆளையும் அவர் பெயரையும் இணைக்கிறது. விலங்கை ஆஸ்டெக்குகள் பேசிய நவாட்டில் மொழியின் சொல்லாக வாசிக்க வேண்டும்.

1427 முதல் 1440 வரை ஆண்ட ஆஸ்டெக் அரசர் இட்ஸ்கோவாட்டிலின் பெயருக்கு 'எரிமலைக் கண்ணாடிப் பாம்பு' என்று பொருள். ஓவியர் முதுகு நெடுகக் கூரிய கண்ணாடிச் சில்லுகள் பதித்த பாம்பை வரைகிறார். ஆனால் வெர்காரா ஏடு என்னும் நிலக்கணக்கில், அதே பெயருடைய ஒருவருக்குப் பாம்பே கிடையாது. கண்ணாடிச் சில்லு, ஒரு பானை, கொஞ்சம் நீர், அவ்வளவுதான். சில்லு 'இட்ஸ்ட்லி', பானை 'கோமிட்டில்', நீர் 'ஆட்டில்'. மூன்றிலும் முதல் ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு 'இட்ஸ்-கோ-ஆ' என்று படித்தால் பெயர் வந்துவிடுகிறது. பிரெஞ்சு ஆய்வாளர் ஓபன் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பிரித்துக் காட்டினார். குலச்சின்னமாக இருந்திருந்தால் பாம்பின் இடத்தில் ஒரு பானையை வைக்க யாருக்கும் துணிவு வந்திராது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 1469இல் பட்டமேறிய ஆஷாயாகாட்டிலின் பெயர், மெக்சிகோ ஏரிகளில் வாழும் ஒரு நீர்ப்பூச்சியின் பெயருமாகும். அவரது குறியிலோ பூச்சி இல்லை; மனித முகமும் அதன்மேல் வழியும் நீரும்தான் இருக்கின்றன, ஏனெனில் சொல்லைப் பிரித்தால் 'நீர்', 'முகம்' என்று ஒலிக்கிறது.

விலங்கு விலங்காகவே நிற்கும் பெயர்களும் ஏராளம். டெஷ்கோகோ என்ற நகர அரசின் மன்னர் நெசவால்கோயோட்டில், 'நோன்பிருக்கும் கொயோட்டி' (ஓநாய் போன்ற விலங்கு; கொயோட்டி என்ற சொல்லே நவாட்டில் தந்ததுதான்). கடைசி அரசர் குவாவ்தெமோக்கின் பெயர் இறங்கும் கழுகைச் சொல்வதால், கழுகு தலைகீழாகப் பாய்கிறது. இங்கே வினைச்சொல்லை எழுதுவது பறவையின் நிலைதான்.

உங்கள் ஐயத்தில் ஓரளவு நியாயம் இருக்கும் இடம் நாள்பெயர்கள். 260 நாள் பஞ்சாங்கத்தின் 20 நாட்குறிகளில் 10 விலங்குகள்: முதலை, பல்லி, பாம்பு, மான், முயல், நாய், குரங்கு, ஜாகுவார் (அமெரிக்கச் சிறுத்தை), கழுகு, பிணந்தின்னிக் கழுகு. பிறந்த நாளே குழந்தைக்குப் பெயராகும்போது அந்த நாளின் பலனும் கூடவே வந்தது. அப்போதும் அது பிறப்பால் தனி ஒருவருக்கு வாய்த்ததே அன்றி, குலத்துக்கு உரியது அன்று. மெக்சிகோவின் உவெஷோட்சிங்கோ ஊரின் 1560ஆம் ஆண்டுப் பதிவேட்டில் வரி செலுத்தும் சாதாரணக் குடிகளின் தலையருகே இத்தகைய குறிகளைக் காணலாம். பெரும்பாலும் நாளின் எண்ணை விட்டுவிட்டு விலங்கை மட்டும் வரைந்திருக்கிறார்கள். பக்கத்திலேயே, லத்தீன் எழுத்தில், பாதிரிமார் சூட்டிய கிறித்தவப் பெயரும் இருக்கிறது.