ஏ.என்.ஏ. பாசிட்டிவ்... ஆனால் நோய் இல்லையாம்!

கேள்வி: வயது 36. தைராய்டு மாத்திரை 50 சாப்பிடுகிறேன். அசதி, விரல் வலி என்று போனதில் ஏ.என்.ஏ. (நம் செல்லின் கருவையே குறிவைக்கும் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் பொருள்) டெஸ்ட் எழுதினார்கள். 1:160 பாசிட்டிவ். அடுத்தகட்ட ஆன்டிபாடி டெஸ்டுகளான ஏ.என்.ஏ. புரொஃபைல், டி.எஸ்.டி.என்.ஏ. எல்லாமே நெகட்டிவ். வேறு லேபில் 1:80 என்று வந்தது. 'நோய் எதுவும் இல்லை' என்கிறார் டாக்டர். வெயிலுக்குப் பயந்து மொட்டை மாடிக்குக்கூடப் போவதில்லை. 'அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடு' என்கிறார் மாமியார். என்ன செய்வது?
- வாசகி, நாமக்கல்

பதில்: தூக்கிப் போட வேண்டாம், ஃபைலில் இருக்கட்டும். ஆனால் லேப் லேபாக ஏறி இறங்குவதை நிறுத்துங்கள். உங்கள் ரத்தத்தை 160 மடங்கு நீர்க்கச் செய்த பிறகும் மைக்ரோஸ்கோப்பில் செல்லின் கரு பச்சையாக ஒளிர்கிறது, அவ்வளவுதான் 1:160. பார்க்கிற கண்ணையும் டெஸ்ட் கிட்டையும் பொறுத்து அது 80 ஆகும், 320 ஆகும். எந்த நோயும் இல்லாத 100 பேரைச் சோதித்தாலும் ஏறக்குறைய 5 பேருக்கு 1:160 வரும்; 1:40 என்றால் 30 பேருக்கு. (இந்த டெஸ்டை ஹெல்த் பேக்கேஜில் சேர்த்து விற்பதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.)

நீங்கள் வெயிலுக்குப் பயப்படுவது லூபஸை நினைத்துத்தான்; எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய் அது, வெயிலில் கூடும். அதற்கான 2019 வரையறையில் ஏ.என்.ஏ. வெறும் நுழைவுச் சீட்டு. ஏ.என்.ஏ.வுக்கு மதிப்பெண்ணே கிடையாது. மற்ற அறிகுறிகள், பரிசோதனைகளில் 10 மதிப்பெண் சேர வேண்டும்.

நோய் வருவதற்குப் பல வருடம் முன்பே சிலர் ரத்தத்தில் இது தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பாசிட்டிவ் வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கடைசிவரை ஒன்றும் வருவதில்லை.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது தைராய்டு மாத்திரைதான். ஆன்டி டி.பி.ஓ. என்ற தைராய்டு ஆன்டிபாடி டெஸ்ட் பார்த்ததுண்டா? தைராய்டைத் தாக்கும் ஆன்டிபாடி உள்ளவர்களுக்கு ஏ.என்.ஏ.வும் பாசிட்டிவாக இருப்பது சகஜம். அசதிக்கு டி.எஸ்.எச். (தைராய்டு அளவு), ஹீமோகுளோபின், வைட்டமின் டி பார்த்துவிடுங்கள். மாத்திரை அளவு போதாமலும் இருக்கலாம்.

காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்காமல் வீங்கியிருப்பது, குளிர்ந்த நீர் பட்டால் விரல் வெளுத்து நீலமாவது, வெயில் பட்டுக் கன்னம் சிவப்பது, ஆறாத வாய்ப்புண், சிறுநீரில் நுரை - இதில் ஒன்று வந்தாலும் மூட்டுவாத நிபுணரிடம் போங்கள். இல்லாவிட்டால் வருடம் ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை, ரத்த அணுக்கள் எண்ணிக்கை, பி.பி. போதும். மாடியில் துணி காயப் போடலாம். புரொஃபைலில் எஸ்.எஸ்.ஏ. என்ற ஆன்டிபாடி வரியும் நெகட்டிவ்தானே? இன்னொரு குழந்தைக்கு யோசித்தால் மகப்பேறு மருத்துவரிடம் அந்த வரியைக் காட்டுங்கள். அது பாசிட்டிவாக இருந்தால்தான் வயிற்றிலுள்ள குழந்தையின் இதயத்துடிப்பைத் தனியாகக் கவனிக்க வேண்டியிருக்கும்.