ரிப்போர்ட் வரும்வரை

அன்புள்ள அக்கா,

எனக்கு 47 வயது, பள்ளி ஆசிரியை. புற்றுநோய்க்காக வலது மார்பகத்தை எடுத்து 11 நாள் ஆகிறது. அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்திருக்கிறார்கள். எடுத்ததை லேபில் சோதித்துத் தரும் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. பக்கத்துப் படுக்கையில் இருந்தவருக்கு எட்டாம் நாளே வந்துவிட்டது. கேட்டால் ‘இன்னொரு டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கிறோம்’ என்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் தாமதம்? போன் அடித்தாலே கை நடுங்குகிறது. வீட்டில் ‘நல்லதையே நினை’ என்கிறார்கள். முடியவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

‘எனக்கு மட்டும் ஏன் தாமதம்?’ ஆறு வருடம் முன்பு இதே கேள்வியோடு நான் 16 நாள் உட்கார்ந்திருந்தேன். தாமதம் என்றால் கெட்ட செய்திதான் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அப்படியில்லை என்று அன்றைக்கு யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எடுத்த சதை கெடாமல் இருக்க பார்மலின் என்ற மருந்தில் போட்டு வைப்பார்கள். மார்பகத்தில் கொழுப்பு அதிகம், மருந்து உள்ளே இறங்கவே நேரமாகும். அப்புறம் அதைத் துண்டு துண்டாக வெட்டி, கொழுப்புக்குள் புதைந்திருக்கும் நெறிக்கட்டிகளை விரலால் தடவித் தேடி எடுத்து, மெழுகில் பதித்து, தாளைவிட மெல்லிசாகச் சீவி, சாயமேற்றிப் பார்க்கிறார்கள். வெட்டிய ஓரம் சுத்தமாக இருக்கிறதா, எத்தனை நெறிக்கட்டியில் நோய் ஏறியிருக்கிறது என்பதெல்லாம் இதில் தெரியும். பிறகு ஈஆர், பிஆர், ஹெர்-2 என்று மூன்று சோதனைகள். முதல் இரண்டும் நோய் ஹார்மோனால் வளர்கிறதா என்று பார்க்க, மூன்றாவது ஹெர்-2 என்ற புரதம் அதில் அதிகமாக இருக்கிறதா என்று பார்க்க. ஹெர்-2 ‘இரண்டு பிளஸ்’ என்று வந்தால் உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அதைத் தீர்க்க ஃபிஷ் என்ற சோதனைக்கு அனுப்புவார்கள். பெரும்பாலும் அது வெளியூர் லேபுக்குப் போய்த் திரும்ப வேண்டும். உங்களுக்குச் சொன்ன ‘இன்னொரு டெஸ்ட்’ அதுவாக இருக்கலாம், கேளுங்கள். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று அதில் பார்ப்பதில்லை. எந்த மருந்து உங்களுக்குக் கேட்கும் என்றுதான் பார்க்கிறார்கள். ஹெர்-2 இருந்தால் அதற்கென்றே டிராஸ்டுசுமாப் ஊசி இருக்கிறது.

இந்த நாட்களில் சிகிச்சை தள்ளிப்போகிறதோ என்ற பயமும் இருக்கும். கீமோ தேவைப்பட்டாலும் புண் ஆறிய பிறகு, சில வாரம் கழித்துத்தான் ஆரம்பிப்பார்கள்.

‘நல்லதையே நினை’ என்று அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் எனக்கு அந்த வார்த்தை பெரிய பாரமாக இருந்தது. ஒரு நிமிஷம் பயந்துவிட்டால் ரிப்போர்ட்டே கெட்டுப்போகும் என்பதுபோல மனசைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன். தங்கை, அந்தச் சதை இப்போது மெழுகில் இருக்கிறது. அதில் இருப்பது இருக்கிறபடி இருக்கும். நீங்கள் அழுவதோ பயப்படுவதோ அங்கே போய்ச் சேராது. அதனால் தாராளமாகப் பயப்படலாம்.

எனக்கு ஒரு நோட்டு உதவியது. ஆபரேஷன் செய்த இடத்தில் வைத்த குழாயில் வடியும் நீரைக் காலையும் மாலையும் அளந்து எழுதுவேன். 90, 70, 55. ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் குழாயை எடுத்துவிடுவோம் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். லேபில் என்ன நடக்கிறது என்று தெரியாத நாட்களில், என் உடம்பைப் பற்றி எனக்குத் தெரிந்த செய்தி அந்த நோட்டில்தான் இருந்தது.

ரிப்போர்ட்டை மட்டும் தனியாகத் திறக்காதீர்கள். ராத்திரி பத்து மணிக்குப் போனில் வந்ததை நான் திறந்தேன். ‘இன்வேசிவ்’ என்று இருந்தது. உடம்பெல்லாம் பரவிவிட்டது என்று நினைத்து விடியும்வரை அழுதேன். நோய் பால்குழாயின் சுவரைத் தாண்டிப் பக்கத்துச் சதைக்குள் வந்திருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று மறுநாள் டாக்டர் சொன்னார். மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலோருக்கு அந்த வார்த்தை இருக்கும். நாளைக்கே கேளுங்கள்: எந்தத் தேதியில், யாரைக் கூப்பிட வேண்டும்? அதுவரை போன் கணவரிடமோ வேறு யாரிடமோ இருக்கட்டும். தூக்கமில்லாததையும் அடுத்த டிரெஸ்ஸிங்கின்போது டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அதற்கும் மருந்து உண்டு.

சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே ஏற்றும் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். டாக்டர் சரி என்றதும் தொடங்குங்கள். கை எட்டும் இடத்தில் தினமும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கரும்பலகையின் மேல்வரி வரை போக வேண்டிய கை அது. ரிப்போர்ட் வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த வாரம் அந்தக் கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா