ஹல்க் 2008: ரீபூட்டா, இரண்டாம் பாகமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘கேப்டன் அமெரிக்கா: பிரேவ் நியூ வேர்ல்ட்’ படத்தில் ஸ்டெர்ன்ஸ் என்ற விஞ்ஞானியும் பெட்டி ராஸும் வருகிறார்கள். இவர்கள் யாரென்று தெரிய 2008இல் வந்த ‘தி இன்க்ரெடிபிள் ஹல்க்’ பார்க்க வேண்டும் என்றார்கள். நானும் என் சித்தப்பா மகனும் அதற்கும் முன்னால் போய், 2003இல் ஆங் லீ எடுத்த ‘ஹல்க்’கிலிருந்தே தொடங்கினோம். முதல் படம் தென் அமெரிக்கக் காட்டில் முடிகிறது. அடுத்த படம் பிரேசிலில் தொடங்குகிறது. ஹல்க் உருவான கதையை மறுபடி விரித்துச் சொல்லவும் இல்லை. ஆகவே இது இரண்டாம் பாகம்தான் என்கிறான் அவன். நடிகர்கள் எல்லாரும் மாறிவிட்டார்களே, பழைய கதையை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கிய ரீபூட்தான் என்பது என் கட்சி. அப்படியானால் 2012இல் ஹல்க்காக மார்க் ரஃபலோ வந்ததும் இன்னொரு ரீபூட்டா என்று மடக்குகிறான். யார் சொல்வது சரி?

எஸ்.கே., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.கே.,

2008 படம் ரீபூட். உங்கள் முடிவு சரி, நீங்கள் சொல்லும் காரணம் தவறு. நடிகர் மாறினால் ரீபூட் என்று வைத்துக்கொண்டால் ரஃபலோ கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. தம்பி உங்களை மடக்கியது நியாயம்தான்.

ஹல்க்கைத் துரத்தும் ராணுவத் தளபதி, பெட்டியின் அப்பா ஜெனரல் ராஸ் ஒருவரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் சாம் எலியட், 2008இல் வில்லியம் ஹர்ட், 2025இல் ஹாரிசன் ஃபோர்ட். மூன்று முகங்கள். ஆனால் ஹர்ட்டும் ஃபோர்டும் நடித்தது ஒரே ஆளை. ஹர்ட் 2022இல் இறந்துவிட்டதால் அந்த ஆளின் வாழ்க்கையை ஃபோர்ட் தொடர்ந்து நடித்தார். எலியட் நடித்த ராஸுக்கு வேறு வாழ்க்கை, வேறு கடந்தகாலம். முகத்தை மட்டும் பார்த்தால் இரண்டு மாற்றங்களும் ஒன்றுபோலத்தான் தெரியும். ‘பேட்மேன்’ வரிசையிலும் இதே கதை. 1989 முதல் 1997 வரை வந்த நான்கு படங்களில் மைக்கேல் கீட்டன், வால் கில்மர், ஜார்ஜ் குளூனி என்று மூன்று பேட்மேன்கள். நான்கிலும் வேலைக்காரர் ஆல்ஃப்ரெட் மட்டும் அதே மைக்கேல் கஃப். அங்கே நடந்தது ரீகாஸ்ட், அதாவது அதே பாத்திரத்துக்கு நடிகரை மட்டும் மாற்றியது, அவ்வளவுதான்.

முகம் மாறாமலே உலகம் மாறுவதும் உண்டு. ஜே. கே. சிம்மன்ஸ் சாம் ரைமியின் ஸ்பைடர்மேன் படங்களில் பத்திரிகை ஆசிரியர் ஜேம்சனாக வந்தார். 2019இல் ‘ஃபார் ஃப்ரம் ஹோம்’ முடிவில் அதே பெயரில் அவரே வருகிறார். ஆனால் இவர் அந்த ஜேம்சன் இல்லை. இவருக்கு ரைமி படங்களில் டோபி மெக்வயர் நடித்த ஸ்பைடர்மேனைத் தெரியாது.

கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: முந்தைய படத்தில் நாம் கண்ணால் கண்ட சம்பவங்கள், இந்தப் படத்தின் மனிதர்களுக்கு நடந்தவையா? நடந்தவை என்றால் சீக்வல், அதாவது தொடர்ச்சி. அவை நடக்கவே இல்லை, அல்லது வேறு விதமாக நடந்தன என்றால் ரீபூட். இயக்குநர், நடிகர், இசை, தயாரிப்பு நிறுவனம் எல்லாம் இதற்குப் பிறகுதான். நம் இலக்கியத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. சிலப்பதிகாரம் இளங்கோவடிகளுடையது, மணிமேகலை சாத்தனாருடையது. ஆசிரியர் வேறு, சமய நோக்கும் வேறு. ஆனால் கோவலன் மதுரையில் கொலையுண்டது மணிமேகலையிலும் நடந்து முடிந்த சம்பவம், மாதவி துறவு பூண்டதற்கு அதுவே காரணம். அதனால் அது தொடர்ச்சி.

இந்தக் கேள்வியை உங்கள் இரண்டு படங்களிடம் கேட்போம்.

2003 படத்தில், ஹல்க் என்ற ராட்சதனாக மாறும் விஞ்ஞானி புரூஸ் பேனரின் உடம்பில் கோளாறு பிறக்கும்போதே இருக்கிறது. அப்பா டேவிட் பேனர் தன்மீதே நடத்திக்கொண்ட மரபணுச் சோதனையின் விளைவு மகனுக்கு இறங்கியிருக்கிறது. பெர்க்லி ஆய்வகத்தில் கருவி பழுதாகும்போது உடன் வேலை செய்பவரைக் காப்பாற்றக் குறுக்கே போய்க் காமா கதிரை வாங்கிக்கொள்கிறார் புரூஸ். உள்ளே உறங்கிக்கொண்டிருந்தது அப்போது விழிக்கிறது. கதையின் முதுகெலும்பே அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவிலுள்ள கணக்குதான். நிக் நோல்டி நடித்த அந்த அப்பாவை எடுத்துவிட்டால் 2003 படமே இல்லை.

2008 படத்தில் அப்பா என்ற பேச்சே கிடையாது. பேனர் விபத்தில் சிக்கவில்லை, நாற்காலியில் தானே போய் உட்கார்ந்து கதிரை ஏற்றுக்கொள்கிறார். கதிர்வீச்சைத் தாங்கும் உடம்பை உருவாக்கும் ஆய்வு என்று அவரை நம்ப வைத்திருக்கிறார்கள். உண்மையில் ராஸ் செய்துகொண்டிருந்தது சிப்பாயை அதிபலசாலியாக்கும் இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சூப்பர் சோல்ஜர் திட்டத்தை உயிர்ப்பிக்கும் வேலை. இடமும் வேறு, வர்ஜீனியாவிலுள்ள கல்வர் பல்கலைக்கழகம். முதல் முறை மாறும்போதே ஹல்க் தன் காதலி பெட்டி ராஸைக் காயப்படுத்தி மருத்துவமனையில் கிடத்திவிடுகிறான். பேனர் ஓடிப்போனதற்கும் ராஸ் அவரைத் துரத்துவதற்கும் இதுதான் காரணம். இதில் ஒன்றுகூட 2003 படத்தில் நடக்கவில்லை. ஒரே ஆள் இரண்டு விதமாக முதல் முறை ஹல்க் ஆக முடியாது. இந்த ஒரு முரணே தீர்ப்புக்குப் போதும்.

பிறகு உங்கள் தம்பிக்கு ஏன் அது இரண்டாம் பாகம்போலத் தெரிந்தது? அப்படியும் தெரியட்டும் என்றுதான் எடுத்தார்கள். இதற்குப் பின்னால் ஒரு வியாபாரச் சிக்கல் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் படத்தின் அமைப்பு முழுவதும் விளங்கும்.

2003 படத்தை வெளியிட்டது யுனிவர்சல். ஏறத்தாழ 13.7 கோடி டாலர் செலவு. அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 6.2 கோடி வந்தது, இரண்டாவது வார இறுதியில் வசூல் ஏறக்குறைய 70 சதவீதம் விழுந்தது. பார்த்தவர்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். பிறகு ஹல்க் படம் தயாரிக்கும் உரிமை ஹல்க்கின் காமிக்ஸ் நிறுவனமான மார்வெலுக்கே திரும்பியது, வெளியிடும் உரிமை மட்டும் யுனிவர்சலிடம் நின்றது. மார்வெல் அப்போதுதான் சொந்தமாகப் படம் எடுக்க இறங்கியிருந்தது. 2008 மே 2இல் ‘அயர்ன் மேன்’, ஜூன் 13இல் ‘தி இன்க்ரெடிபிள் ஹல்க்’. ஹல்க்கைத் தன் புதிய உலகத்துக்குள் கொண்டுவர வேண்டும், அதற்குள் ஆங் லீயின் அப்பா கதை பொருந்தாது. ஆனால் ஐந்தே வருடம் கழித்துத் தோற்றக் கதையை மறுபடி ஒரு மணி நேரம் சொன்னால் மக்கள் எழுந்து போய்விடுவார்கள்.

இயக்குநர் லூயி லெட்டர்ரியே தரப்பு கண்டுபிடித்த வழி டைட்டில் காட்சி. சோதனை, முதல் மாற்றம், மருத்துவமனையில் பெட்டி, தலைமறைவு, தேடுதல் எல்லாம் பெயர்கள் ஓடும் சில நிமிடங்களுக்குள் வசனமே இல்லாமல் முடிந்துவிடுகின்றன. புதிதாகப் பார்ப்பவருக்கு அது தோற்றக் கதை. 2003 படம் பார்த்தவர் அதை ‘இதுவரை நடந்தது’ என்ற சுருக்கமாக எடுத்துக்கொள்வார். அந்த நாற்காலிக் காட்சி எழுபதுகளின் இறுதியில் பில் பிக்ஸ்பியும் லூ ஃபெரிக்னோவும் நடித்த தொலைக்காட்சித் தொடரை நினைவூட்டும்படி அமைந்தது. தொடர் பார்த்தவருக்கும் பழகிய வீட்டுக்குள் நுழைந்த உணர்வு வரும். மூன்று வகைப் பார்வையாளருக்கும் ஒரே காட்சி. இதை நான் மிகுந்த மரியாதையோடு சொல்கிறேன். திரைக்கதை வேலையில் இவ்வளவு சிக்கனம் அபூர்வம்.

அடுத்து வருவது ரியோவின் ரோசின்யா குடிசைப் பகுதி. பேனர் குளிர்பான ஆலையில் வேலை செய்கிறார். அசம்பாவிதம் இல்லாமல் 158 நாட்கள் என்று திரையில் எழுத்து. தப்பி ஓடி ஐந்து வருடம் ஆகிறது என்கிறது கதை. இரண்டு படங்களின் வெளியீட்டுக்கும் இடையில் அதே ஐந்து வருடம். தென் அமெரிக்கா, ஐந்து வருடம், சொல்லாமல் விட்ட முன்கதை மூன்றும் சேர்ந்தால் யாருக்கும் தொடர்ச்சி என்றுதான் தோன்றும். இதற்குத் தயாரிப்புத் தரப்பிலேயே ‘ரீகுவெல்’ என்று ரீபூட்டையும் சீக்வலையும் ஒட்டி ஒரு சொல் புழங்கியது. விளம்பரத்துக்கு அது நல்ல சொல். கதைக் கணக்குக்கு உதவாது, ஏனென்றால் பேனரின் நினைவில் எந்த அப்பா இருக்கிறார் என்று அது சொல்வதில்லை.

இனி ரஃபலோ. 2012 ‘தி அவெஞ்சர்ஸ்’ படத்தில் அவர், போன முறை நியூயார்க் வந்தபோது ஹார்லெமை உடைத்துவிட்டேன் என்கிறார். அது 2008 படத்தின் இறுதிச் சண்டை. நடித்தது எட்வர்ட் நார்டன், நினைவு ரஃபலோவுக்கு. ஆகவே ரீகாஸ்ட். அதன் பிறகு கணக்கு இறுகிக்கொண்டே போனது. ராஸ் 2016இல் ‘சிவில் வார்’ படத்தில் திரும்பினார், 2008 படத்தின் வில்லனாக டிம் ராத் நடித்த பிளான்ஸ்கி 2022இல் ‘ஷி-ஹல்க்’ தொடரில். நெற்றிக் காயத்தில் பேனரின் ரத்தம் சொட்டியதோடு 2008இல் விடப்பட்ட ஸ்டெர்ன்ஸ், 17 வருடம் கழித்து நீங்கள் பார்த்த படத்தில் வில்லன். இத்தனை பிற்காலப் படங்கள் 2008ஐ முதல் அத்தியாயமாக வைத்துக் கட்டப்பட்டவை. 2003ஐ அவற்றில் எதுவும் தொடவில்லை.

உங்கள் அளவுகோலும் தம்பியின் அளவுகோலும் சேர்ந்தே தவறும் ஒரு படம் ‘சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்’ (2006). எல்லாரும் புது நடிகர்கள், கடைசியாக வந்த சூப்பர்மேன் படத்துக்கும் இதற்கும் 19 வருட இடைவெளி. உங்கள் கணக்கில் ரீபூட். தம்பி முந்தைய படம் முடிந்த இடத்தைத் தேடி 1987இன் நான்காம் பாகத்துக்குப் போவார், அங்கே எதுவும் ஒட்டாது. உண்மையில் அது 1978, 1980இல் வந்த முதல் இரண்டு படங்களின் தொடர்ச்சி. மூன்றையும் நான்கையும் நடக்காதவையாக ஒதுக்கிவிட்டு அங்கிருந்து ஐந்து வருடம் தள்ளிக் கதை தொடங்குகிறது. மார்லன் பிராண்டோவின் பழைய காட்சிப்பதிவு, ஜான் வில்லியம்ஸின் பழைய இசை இரண்டையும் எடுத்து வைத்தது அதைச் சொல்லத்தான். ஆக, எதற்குத் தொடர்ச்சி என்றும் கேட்க வேண்டும். வரிசையில் கடைசியாக வந்த படத்துக்குத்தான் என்ற கட்டாயம் இல்லை.

இந்தக் கேள்வியும் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ‘எக்ஸ்-மென்: டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்’ (2014) தொடங்கும்போது முந்தைய படங்கள் எல்லாம் நடந்தவை. நாயகன் வால்வரின் 1973க்குப் போய்த் திரும்பும்போது அவற்றில் பல நடக்காதவை ஆகிவிட்டன, அவருக்கு மட்டும் பழைய நினைவு. சீக்வலாக ஆரம்பித்து, ரீபூட் செய்வதையே கதையாக்கிய படம் அது. நான் அதைச் சீக்வல் என்றே எழுதுவேன், ஏனென்றால் அழிந்த உலகத்தை நினைவில் வைத்திருக்கும் ஒருவர் கதைக்குள் இருக்கிறார்.

பார்க்கும் வரிசைக்கு: 2025 படத்துக்கு முன்னால் 2008, 2012, 2016 படங்கள் போதும். 2003 படத்தை அந்த வரிசையில் நுழைக்காமல் தனியாக ஓர் இரவு பாருங்கள். காமிக்ஸ் கட்டங்கள்போலத் திரையைப் பிரித்துக் காட்டும் அதன் எடிட்டிங்கை வேறெந்த ஹல்க் படமும் செய்யவில்லை. 2008 படத்தின் டிஸ்க் கிடைத்தால் நீக்கப்பட்ட தொடக்கக் காட்சியையும் பாருங்கள், பேனர் ஆர்க்டிக் பனியில் தன் உயிரை முடித்துக்கொள்ளப் போகிறார். படத்திலிருந்து வெட்டிவிட்டார்கள். ஆனால் 2012இல் ரஃபலோ, ஒருமுறை சாக முயன்றதையும் ஹல்க் அதைத் தடுத்துவிட்டதையும் சொல்கிறார். அந்த வசனத்தைக் கேட்கும்போது உங்களுக்கு அந்தப் பனி நினைவுக்கு வரும்.