வாசகர் கேள்வி – பதில்: 1987 ஜூன், சியோலுக்கு வெளியே

கேள்வி: அதிபர் சுன் டூ-ஹ்வானின் ராணுவப் பின்னணி ஆட்சிக்கு எதிராக, அதிபரை மக்களே தேர்ந்தெடுக்கும் உரிமை கேட்டுத் தென் கொரியாவில் நடந்த 1987 ஜூன் போராட்டத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சியோல் மாணவர்களையே முன்னிறுத்துகிறார்கள். மற்ற நகரங்கள் தலைநகருக்கு ஆதரவு தெரிவித்ததோடு நின்றுவிட்டனவா?

பதில்: இல்லை. மற்ற நகரங்கள் எழுந்திராவிட்டால் அந்தப் போராட்டம் சியோலின் தெருக்களிலேயே நசுக்கப்பட்டிருக்கும் என்பது என் உறுதியான கருத்து. மக்களைக் கொதிக்கச் செய்த இரண்டு மரணங்களை எண்ணிப் பாருங்கள். ஜனவரி 14 அன்று சியோலில் காவல்துறையின் சித்திரவதையில் உயிரிழந்த மாணவர் பார்க் ஜோங்-சுல் தென்கிழக்குத் துறைமுக நகரமான புசானைச் சேர்ந்தவர். மேசையைத் தட்டியதும் அந்த மாணவர் அதிர்ச்சியில் விழுந்து இறந்தார் என்று காவல்துறை கூசாமல் அறிவித்தது. ஜூன் 9 அன்று கண்ணீர்ப்புகைக் குண்டு தலையில் பட்டு வீழ்ந்து, அடுத்த மாதம் இறந்த மாணவர் லீ ஹான்-யோல் தென்மேற்கிலுள்ள தெற்கு ஜொல்லா மாகாணத்தில் பிறந்தவர். அவர் உடல் அவ்வட்டாரத்தின் பெருநகரமான குவாங்ஜுவில்தான் அடக்கம் செய்யப்பட்டது. சியோலில் படிக்கப் போன பிள்ளைகளின் சாவு அவர்களுடைய சொந்த ஊர்களின் துக்கமாகவும் ஆனது.

ஜூன் 10 மாலை 6 மணிக்கு வாகனங்கள் ஒலியெழுப்ப வேண்டும், தேவாலயங்களும் கோவில்களும் மணியடிக்க வேண்டும் என்று போராட்டக் குழு நாடு முழுவதற்கும் அழைப்பு விடுத்திருந்ததால், கூட்டத்தில் சேர அஞ்சிய ஓட்டுநரும் தம் இருக்கையில் இருந்தபடியே பங்கேற்க முடிந்தது. அன்று இருபதுக்கும் மேற்பட்ட நகரங்களில் மக்கள் திரண்டனர். சியோலின் மியோங்டாங் பேராலயத்தில் நடந்த உள்ளிருப்பு 15ஆம் தேதி முடிந்ததும் வேகம் தணிந்திருக்கக்கூடும். மறுநாளே புசானின் கத்தோலிக்க மையத்தில் போராட்டக்காரர்கள் அமர்ந்துவிட்டனர். 18ஆம் தேதி அந்நகரின் சொமியோன் பகுதி மனிதத் தலைகளால் நிரம்பியது. கலவரத் தடுப்புக் காவலர்களை எந்த நகரத்திலிருந்து எடுத்து எந்த நகரத்துக்கு அனுப்புவது என்று அரசு திணறியது. ராணுவத்தை இறக்கத் தயாரான அதிபர் சுன் டூ-ஹ்வான் 19ஆம் தேதி பின்வாங்கினார். 1988 சியோல் ஒலிம்பிக் நெருங்கியதும், அமெரிக்கா எச்சரித்ததும் காரணங்களே. ஆனால் ஒரே நேரத்தில் இத்தனை நகரங்களை அடக்குவது எப்படி என்ற கேள்விக்கு அவரிடம் விடை இருந்ததாகத் தெரியவில்லை. 26ஆம் தேதி முப்பதுக்கும் மேற்பட்ட நகரங்களில் பேரணிகள் நடந்தன. 29ஆம் தேதி, அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறையை ஆளுங்கட்சியின் ரோ டே-வூ ஏற்றுக்கொண்டார்.

கேள்வி: 1980இல் ராணுவத்தை எதிர்த்து எழுந்த குவாங்ஜு மட்டும் தனித்து விடப்பட்டது ஏன்?

பதில்: செய்தியே வெளியே போகாதபடி அடைத்துவிட்டார்கள். மே 18 முதல் 27 வரை நகரம் போராடியது. ராணுவம் சாலைகளை மறித்தது, தொலைபேசித் தொடர்பைத் துண்டித்தது, கலவரக்காரர்களின் வேலை என்று பத்திரிகைகளை எழுத வைத்தது. சந்தைப் பெண்கள் சோற்றை உருண்டை பிடித்துப் போராடுவோருக்கு ஊட்டிய அந்த நாட்களில் பக்கத்து மாகாணத்தவருக்கு அங்கே நடப்பது என்னவென்றே தெரியவில்லை. ஜெர்மன் ஒளிப்பதிவாளர் யூர்கன் ஹின்ஸ்பேட்டர் எடுத்த காட்சிகள் பின்னர் ஒளிநாடாக்களாக ரகசியமாகக் கைமாறின. 1987 மே மாதம், அதே புசான் கத்தோலிக்க மையத்தில் குவாங்ஜு காட்சிகள் திரையிடப்பட்டபோது மக்கள் திரளாக வந்து பார்த்தனர். ஆட்சியாளர்களின் சொந்த வட்டாரமான கியோங்சாங்கின் பெருநகரமான புசான், தன்னிடம் ஏழு ஆண்டுகள் மறைக்கப்பட்டதை அங்கே கண்ணால் கண்டது. அடுத்த மாதம் அது தெருவில் இறங்கியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

கேள்வி: அந்த ஒற்றுமை தேர்தலில் ஏன் நிலைக்கவில்லை?

பதில்: எதிர்க்கட்சித் தலைவர்களான கிம் யங்-சாம், கிம் டே-ஜுங் இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல் தனித்தனியே போட்டியிட்டதால். 1987 டிசம்பர் 16 தேர்தலில் கிம் யங்-சாமுக்குப் புசானில் பாதிக்கு மேல் வாக்கு. கிம் டே-ஜுங்குக்குக் குவாங்ஜுவில் 90 விழுக்காட்டுக்கும் மேல். நாடு முழுவதும் 36.6 விழுக்காடு மட்டுமே பெற்ற ரோ டே-வூ வென்றார். ஜூன் மாதம் தெருவில் நின்றவர்களுக்கு இழைக்கப்பட்ட துரோகமாகவே இதைக் கருதுகிறேன். மாகாணங்கள் தங்களைத் தாங்களே ஆளும் உரிமையும் தாமதமாகவே வந்தது: அதற்காகக் கிம் டே-ஜுங் 1990இல் உண்ணாவிரதம் இருந்தார், 1991இல் உள்ளாட்சி மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தது, மேயர்களையும் மாகாண ஆளுநர்களையும் மக்கள் 1995இல் தேர்ந்தெடுத்தனர்.