நங்கூரம் எங்கே அசையாமல் இருக்கிறது?

கேள்வி: ஆசிரியர் ஐயா, பணி ஓய்வு பெற்றுவிட்டேன். மகன் துபாய்க்கு வரச்சொல்கிறான். வீடு, ஊர், சபை எல்லாமே மாறப்போகிறது. என் விசுவாசம் மட்டும் நங்கூரம் போட்ட படகுபோல் அசையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?
— ஒரு வாசகி, தக்கலை

பதில்: குளச்சல் மீனவர் யாரிடமாவது இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள் அம்மா. நங்கூரம் போட்ட வள்ளம் சும்மா கிடக்காது. மேல்காற்று அடித்தால் அணியத்தை, அதாவது முன்முனையை, மேற்கே திருப்பும். காற்று மாறினால் அரைவட்டம் அடித்து அந்தப் பக்கம் முகம் காட்டும். அசையாமல் கிடக்க வேண்டுமென்றால் கரையில் ஏற்றித்தான் வைக்க வேண்டும்.

இன்னொரு திருத்தம். எபிரெயர் 6:19 நங்கூரம் என்று சொல்வது விசுவாசத்தை அல்ல, வரப்போவதை எதிர்நோக்கும் நம்பிக்கையை. உங்கள்மேல் குற்றமில்லை. வசனத்தை நறுக்கி அச்சடிக்கும் காலண்டர்காரர்கள் செய்த வேலை அது. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் ஆளுக்கொரு வசனமாக எடுக்கும் வாக்குத்தத்த அட்டையும் அப்படித்தான். எரேமியா 29:11 கிடைத்தவர் முகத்தில் என்ன பூரிப்பு! ‘சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் பாபிலோனில் இருக்க வேண்டும் என்று இருக்கிறதே, அந்த அட்டையை யாராவது எடுத்ததுண்டா? அச்சடித்தால் விற்காது. ஐந்தாம் வசனம் உங்களுக்கென்றே எழுதினதுபோல் இருக்கிறது: போன ஊரில் வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள். துபாய் பால்கனியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி வைத்தாலும் கீழ்ப்படிந்த கணக்குத்தான்.

நங்கூரத்துக்கு வருவோம். அதை வீசி எறியக் கூடாது. அணியத்தைக் காற்றுக்கு நேரே கொண்டுபோய், ஓட்டம் நின்றபிறகு மெதுவாகத் தரைதட்டும்வரை இறக்க வேண்டும். படகு பின்னால் ஒதுங்க ஒதுங்கக் கயிறு விட வேண்டும். பத்துப் பாகம் (ஒரு பாகம் என்பது விரித்த இரு கை நீளம்) ஆழத்துக்குப் பத்துப் பாகம் கயிறு போதும் என்று நினைப்பவர் இழுபட்டுப் போவார். கயிறு செங்குத்தாக நின்றால் ஒவ்வொரு அலையும் நங்கூரத்தின் நாக்கை மண்ணிலிருந்து பிடுங்கும். ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு, அதாவது ஐம்பது, எழுபது பாகம் விட்டால் இழுப்பு தரையோடு தரையாகப் போகும். நாக்கு இன்னும் ஆழமாகப் புதையும். நங்கூரத்தை ஒட்டி நாலைந்து மீட்டர் சங்கிலி இருந்தால் நல்லது. கட்டி முடித்தபின் கரையில் கோயில் கோபுரமும் அதற்குப் பின்னால் ஒரு தென்னையும் ஒரே நேராகத் தெரிகிறதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். காற்று மாறாமலே அவை விலகிக்கொண்டே போனால் நங்கூரம் பிடிக்கவில்லை.

தக்கலையில் உங்களுக்கு ஆழம் குறைவு. கோயில் மணி எழுப்பும். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு இரண்டு வாரம் போகாவிட்டால் வீட்டுக்கே ஆள் வரும். பன்னிரண்டாம் மாடியில் யார் வரப்போகிறார்கள்? நங்கூரம் பழையது போதும், கயிறுதான் பற்றாது. தானியேலைப் பாருங்கள். ஊர் போயிற்று, பெயரை மாற்றினார்கள், ராஜாக்கள் வந்து போனார்கள், கடைசியில் ராஜ்யமே கைமாறியது. அப்போதும் ‘தான் முன் செய்துவந்தபடியே’ தினம் மூன்று வேளை முழங்காலில் நின்றார் (6:10). ‘முன்’ என்ற சொல்லில்தான் விஷயம். சிங்கக்கெபிக்கு ஆள்பிடிக்க வந்த அன்று தொடங்கின ஜெபம் இல்லை அது. ஆகவே ஜெப நேரத்தை விமானம் ஏறுமுன்பே பழக்கிக்கொள்ளுங்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். இங்கே ஐந்தரைக்கு எழுகிறவருக்கு அங்கே நாலு மணிக்கே முழிப்புத் தட்டும். புரண்டு படுக்காமல் அதையே நேரமாக வைத்துக்கொண்டால் முதல் மாதம் தப்பும்.

‘பாகம்’ என்றதும் பவுலின் கப்பல் ஞாபகம் வருகிறது. அப்போஸ்தலர் 27-இல் ஆழம் அளக்க விழுது, அதாவது குண்டு கட்டின கயிறு, விட்டுப் பார்க்கிறார்கள்: இருபது பாகம், சற்றுத் தள்ளிப் பதினைந்து. நம் கடற்கரையில் இன்றைக்கும் இரண்டு கையையும் விரித்து அளக்கிற அதே பாகம். பாறையில் மோதுவோம் என்று பயந்து பின்னணியத்திலிருந்து நாலு நங்கூரம் போட்டுவிட்டு, எப்போது விடியும் என்று கிடக்கிறார்கள். அதற்குள் மாலுமிகள் ஒரு வேலை பார்த்தார்கள். முன்னணியத்திலிருந்தும் நங்கூரம் போடுகிற பாவனையில், தப்பி ஓடச் சின்னப் படகைக் கடலில் இறக்கினார்கள்! கப்பலில் 276 பேர். போர்ச்சேவகர் படகின் கயிற்றை அறுத்திராவிட்டால் மற்றவர்கள் கதி அவ்வளவுதான். நங்கூரம் போடுகிற பாவனையில் நழுவுவது சபைத் தேர்தல் பார்த்த நமக்குப் புதிதல்ல. ஆனால் அந்தப் பேச்சை எடுத்தால் இந்தப் பக்கம் போதாது. விடிந்ததும் அந்த நாலு நங்கூரத்தையும் அவர்களே அறுத்துக் கடலில் விட்டுவிட்டுக் கரையை நோக்கிப் பாய் விரித்ததையும் மறந்துவிடாதீர்கள். தக்கலையில் உங்களைப் பிடித்துவைத்த சிலதையும் அப்படி விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும். உங்கள் பாட்டுப் புஸ்தகத்து ராகத்தில் அங்கே பாடமாட்டார்கள்.

புறப்படுமுன் போதகரிடம் சபை மாற்றுக் கடிதம் வாங்குங்கள். தமிழ் ஆராதனை அங்கே எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று மகனிடம் இன்றைக்கே கேளுங்கள். வளைகுடாவில் வெள்ளிக்கிழமை ஆராதனை வெகுநாள் வழக்கம். கடிதம் கைப்பையில் இருக்கட்டும். பெட்டிக்குள் நார்த்தங்காய் ஊறுகாயோடு வைத்தால் போதகரின் கையெழுத்து எண்ணெயில் ஊறிவிடும்.