நகம் கீறும் பச்சோந்தியை எப்படிக் கையாள்வது?

கேள்வி: ஈசூன் வட்டாரச் சமூகத் தோட்டம் ஒன்றில் நானும் சில நண்பர்களும் கறிவேப்பிலை, எலுமிச்சை, கத்தரி, வெண்டை ஆகியவற்றை வளர்த்து வருகிறோம். என் பேரன் நண்பன் கொடுத்ததாகச் சொல்லி அண்மையில் ஒரு பச்சோந்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அதன் தலையில் கொண்டை போல உயர்ந்த மேடு இருக்கிறது. கூண்டைக் கழுவுவதற்காகக் கையில் எடுத்தால் நகங்கள் தோலில் பதிந்து இரத்தக் கீறல் விழுகிறது. நகத்தின் நுனியை வெட்டிவிடலாமா? கறிவேப்பிலையில் பச்சைப் புழுத் தொல்லை அதிகமாக இருப்பதால், இதைத் தோட்டத்தில் விட்டுவிடலாம் என்றும் நண்பர்கள் சொல்கிறார்கள். தங்கள் கருத்து என்ன?

பதில்: நகத்தை வெட்ட வேண்டாம், ஐயா. தோட்டத்திலும் விட வேண்டாம். காரணங்களைச் சொல்வதற்கு முன், சிங்கப்பூரில் பச்சோந்தியைச் செல்லப் பிராணியாக வளர்க்க அனுமதி இல்லை என்பதைத் தெரிவிப்பது என் கடமை. பேரனுக்கு அது தெரிந்திருக்காது. ஆனால் தெரிந்த பிறகு நாம் தாமதிக்கக்கூடாது. ஆகவே, அதை உரியவர்களிடம் ஒப்படைக்கும் வரை உங்கள் கைக்கும் அதன் காலுக்கும் காயம் நேராமல் பார்த்துக்கொள்ளும் முறையை மட்டும் இங்கே விளக்குகிறேன்.

பச்சோந்தி உங்களைத் தாக்குவதற்காக நகத்தைப் பதிக்கவில்லை. அதன் காலில் ஐந்து விரல்களும் இரண்டு கட்டுகளாக இணைந்திருக்கும். முன்னங்காலில் உள்பக்கம் மூன்றும் வெளிப்பக்கம் இரண்டும், பின்னங்காலில் உள்பக்கம் இரண்டும் வெளிப்பக்கம் மூன்றுமாக அமைந்த அந்தக் கால் ஓர் இடுக்கியைப் போலக் கிளையைக் கவ்விப் பிடிக்கிறது. விரல் ஒவ்வொன்றின் நுனியிலும் உள்ள கூரிய நகம், பிடி வழுக்காமல் மரப்பட்டையில் ஊன்றிக்கொள்வதற்கானது. மரத்திலேயே வாழும் விலங்குக்குக் கீழே விழுவதுதான் பெரிய அச்சம் என்பதால், மேலிருந்து ஒரு கை வந்து உடலைப் பிடித்துத் தூக்கும்போது, எது அகப்பட்டாலும் அதை இறுகப் பற்றிக்கொள்கிறது. நாம் இழுக்க இழுக்க அதன் பிடி இறுகுகிறது. கீறல் விழுவது அப்போதுதான். அந்த வேளையில் நமக்குத் தோல் மட்டுமே கிழிகிறது. அதற்கோ நகம் பெயர்ந்துவிடலாம், விரல் பிசகலாம், எலும்பே முறியலாம். கூண்டில் வளர்ந்து, சுண்ணாம்புச் சத்தும் புறஊதா ஒளியும் போதிய அளவு கிடைக்காமல் போனவற்றுக்கு எலும்பு மென்மையாகிவிடும் என்பதால், அவற்றை இழுத்துப் பிரிப்பது மேலும் ஆபத்தானது.

நகத்தின் உள்ளே இரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. வீட்டு நகவெட்டியால் சிறிது ஆழமாக வெட்டினாலும் இரத்தம் கசியும், புண்ணில் கிருமி புகும். வலியில்லாமல் வெட்டிவிட்டாலும், பிடிமானம் குறைந்த விலங்கு கிளையிலிருந்து தவறி விழும்.

ஆகவே அதைத் தூக்காதீர்கள். அது தானாக ஏறி வரட்டும். விரல் பருமனுள்ள, சொரசொரப்பான ஒரு குச்சியை அதன் முன்னங்கால்களுக்கு எதிரே, மார்பைவிடச் சற்று உயரமாகப் பிடித்து, அசையாமல் காத்திருங்கள். பச்சோந்தி மேல்நோக்கி ஏறும் இயல்புடையது என்பதால், சிறிது நேரத்தில் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துக் குச்சிக்கு மாறிவிடும். பிறகு குச்சியோடு சேர்த்தே மாற்றுக் கூண்டுக்குக் கொண்டுபோகலாம். கையால்தான் எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால், தடித்த துணியாலான முழுக்கைச் சட்டை அணிந்து, முன்கையையே கிளையாக நீட்டுங்கள். தடித்த தோல் கையுறையை நான் பரிந்துரைப்பதில்லை. எவ்வளவு அழுத்துகிறோம் என்பது கையுறைக்குள் தெரியாது. ஏற்கெனவே தோலைக் கவ்விக்கொண்டிருந்தால் கையை உதறாமல், ஒரு செடிக்கு அருகே கையைத் தாழ்த்திப் பிடியுங்கள். அது தானே இலைக்குத் தாவிவிடும். நிறம் கருத்து, உடல் உப்பி, வாயைத் திறந்து சீறினால் அன்று அதைத் தொடவே வேண்டாம். கூண்டைக் கழுவும் வேலை அடுத்த நாள் வரை காத்திருக்கலாம்.

பச்சோந்திக்கு நஞ்சு கிடையாது. ஆயினும் ஊர்வனவற்றின் தோலிலும் கழிவிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். கீறலை ஓடும் நீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக் கிருமிநாசினி தடவுங்கள். சிவந்து வீங்கினாலோ, டெட்டனஸ் (இரணஜன்னி) தடுப்பூசி போட்டு நெடுங்காலம் ஆகியிருந்தாலோ பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள். கூண்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவவே கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்கள் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிண்ணத்தில் வைக்கும் நீரைப் பச்சோந்தி பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இலைகளின் மேல் நீரைத் தெளித்தால் துளிகளை நக்கிக் குடிக்கும். கண்கள் குழிவிழுந்திருந்தால் நீர் போதவில்லை என்று பொருள். தாழ்வாரத்தில் பிற்பகல் வெயில் நேரடியாக விழும் இடத்தில் கூண்டை வைக்காதீர்கள்.

இனி தோட்டத்தைப் பற்றி. நீங்கள் சொல்லும் தலைக்கொண்டையைப் பார்த்தால் இது ஏமன், சவூதி அரேபியா பகுதிகளுக்குரிய கொண்டைப் பச்சோந்தியாக இருக்கலாம் என்று கருதுகிறேன். அந்த இனம் செல்லப் பிராணியாகப் போய்த் தப்பி, அமெரிக்காவின் புளோரிடாவில் காட்டு வாழ்க்கைக்குப் பழகிப் பெருகியிருக்கிறது. ஹவாயின் ஓவாஹு தீவிலும் 1972இல் விற்பனைக்குக் கொண்டுவரப்பட்ட கிழக்கு ஆப்பிரிக்க ஜாக்சன் பச்சோந்திகள் இப்படித்தான் வெளியேறிப் பரவின. அங்குள்ள அரிய நத்தைகளை அவை தின்பது பின்னர் தெரியவந்தது. பச்சோந்தி உங்கள் புழுவை மட்டும் தேர்ந்தெடுத்துத் தின்னாது. பூவுக்கு வரும் தேனீ, அசுவினியைத் தின்னும் பொறிவண்டு, சிலந்தி என அசையும் எதன் மீதும் நாக்கை வீசும். கொண்டைப் பச்சோந்தி இலையையும் கடிக்கும். நீங்களோ அண்டைப் பாத்திக்காரரோ மருந்து தெளித்திருந்தால், அந்தப் பூச்சிகளைத் தின்று அதுவே நோயுறவும் கூடும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அனுமதியின்றி விலங்கை வெளியே விடுவது இங்குள்ள வனவிலங்குச் சட்டப்படி குற்றமாகும்.

கறிவேப்பிலைப் புழுவுக்கு எளிய வழி இருக்கிறது. அது எலுமிச்சையிலும் முட்டையிடும் பட்டாம்பூச்சிகளின் புழு. இளங்குருத்துகளில் தனித்தனியாக ஒட்டியிருக்கும் சிறிய மஞ்சள் நிற முட்டைகளையும், பழுப்பும் வெள்ளையும் கலந்த சிறு புழுக்களையும் காலையில் கையால் எடுத்துவிட்டால் பச்சை நிறத்துக்கு வளரும் வரை போகாது. இளங்கன்றுகளைக் கொசுவலைத் துணியால் மூடி வையுங்கள். அதற்கும் மிஞ்சினால் ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளித்து, சமையலுக்குப் பறிக்கும் இலைகளை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள்.

தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநல மருத்துவச் சேவையை 1800-476-1600 என்ற எண்ணில் இன்றே அழைத்து, பச்சோந்தி எப்படி உங்கள் வீட்டுக்கு வந்தது என்பதை உள்ளபடி சொல்லி, ஒப்படைக்கும் முறையைக் கேட்டறியுங்கள். பேரனையும் அருகில் வைத்துக்கொண்டே பேசுங்கள்; அவன் பிரியத்தோடு கொண்டுவந்த உயிர் எங்கே போகிறது என்பது அவனுக்குத் தெரிய வேண்டும். கொண்டுபோக வேண்டியிருந்தால், காற்றுத் துளைகள் இட்ட அட்டைப்பெட்டியின் குறுக்கே ஒரு குச்சியை அசையாமல் பொருத்தி, பச்சோந்தியை அதில் ஏறவிட்டு மூடிவிடுங்கள். இருட்டில் அது அமைதியாக இருக்கும். பெட்டியைத் திறப்பவர் காலை இழுத்துவிடாதபடி, குச்சியோடு எடுக்குமாறு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.