வலது காது மட்டும் ஏன் அரிக்கிறது?

நகை: வாசகர் கேள்விகள்

கேள்வி: தை மாதம் எனக்குக் கல்யாணம். கல்லூரியில் படிக்கும்போது ஃபேன்சி கம்மல் போட்டாலே காது சிவந்து நீர் வடியும். கவரிங் செயின் போட்டால் கழுத்தைச் சுற்றிப் பொரிப்பொரியாக வரும். அதனால் அம்மா 22 காரட்டில் தோடு வாங்கித் தந்தார். ரொம்ப நாள் தொந்தரவு இல்லை. இப்போது சில மாதங்களாக வலது காது மட்டும் அரிக்கிறது. "உனக்குத் தங்கமே ஆகலை போல" என்று வீட்டில் பயப்படுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் ஆரம் போடுகிறார்கள். ரிசப்ஷனுக்கு பியூட்டிஷியன் வாடகை செட் கொண்டுவருவார். நான் எதைப் போடுவது, எதை விடுவது?
(பெயர் வேண்டாம், திண்டுக்கல்)

பதில்: தங்கம் ஆகவில்லை என்றால் இரண்டு காதும் அரிக்க வேண்டும். தங்கத்துக்கு வலது, இடது தெரியாது. எனக்குச் சந்தேகம் உங்கள் திருகாணி மேல்தான். வலது காதுத் திருகாணி எப்போதாவது தொலைந்து, அவசரத்துக்கு ஃபேன்சி ஸ்டோரில் ஒன்று வாங்கி மாட்டினீர்களா? அம்மாவையும் கேளுங்கள். நான் கடையில் கவுண்ட்டரில் நின்ற காலத்தில் "தங்கத் தோடு அரிக்கிறது" என்று வந்தவர்களில் பாதிப் பேருடைய தோட்டைத் திருப்பினால், பின்னால் கவரிங் திருகாணி உட்கார்ந்திருக்கும். இரண்டு திருகாணியையும் வெள்ளைத் துணியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறம் வித்தியாசப்பட்டாலோ, ஒன்றின் மரை வெளுத்திருந்தாலோ அதுதான் ஆள்.

திருகாணி மாறவே இல்லை என்றாலும் அதை விட்டுவிடாதீர்கள். 22 காரட் தங்கம் மெத்தென்று இருக்கும். அதில் மரை போட்டால் சீக்கிரம் தேய்ந்து வழுக்கும். அதனால் சில இடங்களில் திருகாணியையும் தண்டையும் மட்டும் குறைந்த காரட்டில், கெட்டியான கலவையில் செய்து விடுகிறார்கள். காதுத் துளைக்குள் போவது அந்தத் தண்டு. வெளியே மின்னும் முகப்பு தோலை அவ்வளவாகத் தொடுவதே இல்லை. எங்கள் அப்பா பட்டறை வைத்திருந்தவர். யார் நகை கொண்டுவந்தாலும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பார். நீங்களும் இந்தக் கல்யாணத்துக்கு வாங்கும் எல்லா நகையையும் அப்படியே பாருங்கள்: பின்பக்கம், கொக்கி, வளையம், திருகு, பற்றவைத்த இடம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் நிக்கல் ஒவ்வாமை மாதிரி இருக்கிறது. நகையால் வரும் ஒவ்வாமையில் அதுதான் ரொம்பப் பரவலானது. ஃபேன்சி நகைகளில் பித்தளை அல்லது செம்பு உடலுக்கு மேல் நிக்கல் பூச்சு கொடுத்து, அதற்கு மேல் மெல்லிசாகத் தங்கமுலாம் பூசுவது வழக்கம். முலாம் தேய்ந்ததும் வியர்வையின் உப்பு நிக்கலைக் கரைத்துத் தோலுக்குள் இறக்கும். உடம்பு ஒரு தடவை அதை எதிரியாகப் பதிவு செய்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் மறக்காது. காது குத்தும்போது மட்டமான கம்மல் போட்டு அப்படியே ஆரம்பித்தவர்கள் ஏராளம். குழந்தைக்குக் காதுகுத்துக்குத் தங்கக் கம்பியே வேண்டும் என்று பாட்டிமார் பிடிவாதம் பிடித்ததில் அர்த்தம் இருந்தது.

ஆனால் ஊகத்தை வைத்துக் கல்யாண நகை வாங்க வேண்டாம். தோல் மருத்துவரிடம் போய் 'பேட்ச் டெஸ்ட்' கேளுங்கள். முதுகில் சின்னச் சின்ன வில்லைகளாக ஒட்டுவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பொருள் இருக்கும். திங்கட்கிழமை ஒட்டினால் புதன்கிழமை எடுத்துப் பார்ப்பார்கள், வெள்ளிக்கிழமை வாக்கில் இன்னொரு தடவை பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முடிவு மாறிப்போகும். பத்திரிகை கொடுக்கக் கிளம்புவதற்கு முன்னாலேயே இதை முடித்துவிடுவது நல்லது. கல்யாண வாரத்தில் முதுகில் சிவப்புத் திட்டோடு ரவிக்கை அளவு கொடுக்க முடியாது. தங்கத்துக்கே ஒவ்வாமை உள்ளவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கத் தோல் ஒவ்வாமைச் சங்கம் 2001-இல் தங்கத்தையே அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. உங்களுக்கு அது இல்லை என்று டெஸ்ட் சொல்லிவிட்டால் வீட்டிலும் பயம் போய்விடும்.

அப்புறம் கடைக்குப் போங்கள். 916 முத்திரை (ஆயிரத்தில் 916 பங்கு தங்கம்), இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் சின்னம், எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் கொண்ட ஹெச்யுஐடி என்னும் அந்த நகைக்கே உரிய அடையாளக் குறி மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாமல் கடைக்காரர் விற்கக் கூடாது. ஆனால் அந்த முத்திரை தங்கம் எவ்வளவு என்றுதான் சொல்லும். மீதி என்ன என்று சொல்லாது. ஒரு பவுன் 8 கிராமில் சுமார் 0.67 கிராம் வேறு உலோகம் இருக்கிறது. நம் ஊர் மஞ்சள் தங்கத்தில் அது பெரும்பாலும் வெள்ளியும் செம்பும், சில சமயம் துத்தநாகமும். நிக்கல் சேர்ப்பது அபூர்வம். சந்தேகம் இருந்தால் கடையில் காரட் மீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். நகையை உள்ளே வைத்தால் தங்கம் இத்தனை, வெள்ளி இத்தனை, செம்பு இத்தனை என்று சதவீதம் காட்டும். திருகாணியைத் தனியாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். "திருகாணியையா?" என்று சேல்ஸ்மேன் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அந்த மெஷின் மேல்தோலைத்தான் படிக்கும், முலாம் பூசிய நகையில் ஏமாற்றிவிடும்.

கடையிலேயே பத்து நிமிடம் போட்டுப் பார்த்து "அரிக்கலையே" என்று பில் போட்டுவிடாதீர்கள். இந்த ஒவ்வாமை உடனே காட்டாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் கிளம்பும். ரிசப்ஷன் அன்று ராத்திரி போட்ட செட், மறுவீட்டு விருந்தில் கழுத்தைப் பழுக்க வைக்கும். அதனால் தோடும் கழுத்து நகையும் முன்னாலேயே வாங்கி, வீட்டில் வியர்க்க விறுவிறுக்க வேலை செய்யும்போது இரண்டு மூன்று நாள் போட்டிருங்கள்.

எதைப் போடுவது, எதை விடுவது என்று கேட்டீர்கள். பட்ஜெட்டைத் தோல் தொடும் இடத்தில் போடுங்கள். காது, மூக்கு, கழுத்தை ஒட்டிய அட்டிகை, வளையல் இவையெல்லாம் நல்ல தங்கமாக இருக்கட்டும். ஜடைநாகம், ராக்கொடி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை எல்லாம் முடி மேல் உட்காருபவை. ஒட்டியாணம் பட்டுப்புடவை மேல், வங்கி ரவிக்கைக் கை மேல். இவற்றுக்கு வாடகை செட் தாராளமாகப் போதும். ஒட்டியாணம் இடுப்பில் சதையைத் தொடும் இடத்தில் மட்டும் உள்ளே பட்டுத்துணி வைத்துத் தைத்துக்கொள்ளலாம். நெற்றிச்சுட்டி கொஞ்சம் தொல்லை, அது நெற்றியிலேயே கிடக்கும். அது மட்டும் தங்கத்தில் சின்னதாகவோ, இரவல் வாங்கியோ போடுங்கள்.

மாப்பிள்ளை வீட்டு ஆரம் புடவை மேல்தான் கிடக்கும். பிடரியில் படுவது பின்சங்கிலியும் கொக்கியும். சங்கிலிக்குப் பதில் பட்டு நூல் பின்கயிறு போட்டுத் தரச் சொல்லுங்கள். இதை மாமியாரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால், உங்கள் அம்மா "பொண்ணுக்குத் தோல் கொஞ்சம் சென்சிடிவ்" என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லட்டும். நகை வாங்குவதற்கு முன்னால் சொன்னால் அது தகவல். வாங்கிய பிறகு சொன்னால் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும்.

தாலி விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். மஞ்சள் கயிற்றில் கட்டிக்கொள்வது உங்கள் வீட்டு வழக்கம் என்றால் கொடி மாற்றும்வரை கவலையே இல்லை. சாயம் போட்ட கயிறு வேண்டாம். வெள்ளை நூல் கயிற்றில் நீங்களே மஞ்சள் அரைத்துத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

வாடகை செட்டில் காதுக்கும் கழுத்துக்கும் ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்றால் நிக்கல் சோதனைத் திரவம் ஒன்று இருக்கிறது. டைமெத்தில் கிளையாக்ஸைம் என்று பெயர். பஞ்சில் தொட்டு நகையின் பின்பக்கத்தில் அரை நிமிடம் தேய்த்தால், நிக்கல் வெளியேறும் இடத்தில் பஞ்சு ரோஜா நிறமாகும். நிறம் மாறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாறாவிட்டாலும் முலாம் தேயாத வரைக்கும்தான் அந்தத் தைரியம். இன்னொன்று, மடிப்புக்குக் குத்தும் ஊக்கு. தோளில் அரித்தால் எல்லோரும் நகையைத் திட்டுவார்கள். புடவை ஊக்கிலும் கொண்டை ஊசியிலும் நிக்கல் பூச்சு உண்டு. குத்துகிறவரிடம் ஊக்கு துணி மடிப்புக்குள்ளேயே நிற்கட்டும் என்று சொல்லிவையுங்கள்.

கேள்வி: மகளுக்கு அலர்ஜி இருப்பதால் கேடிஎம் நகையாகப் பார்த்து வாங்கலாம் என்றிருக்கிறேன். சரிதானே?
(ஒரு தாய், கரூர்)

பதில்: வேண்டாம்மா. கேடிஎம் என்பது கேட்மியம் கலந்த பொடி வைத்துப் பற்றவைத்த நகை. ஒரு காலத்தில் அதைத் தரத்தின் பெயர் மாதிரி விளம்பரம் செய்தார்கள், அதனால் மனசில் நின்றுவிட்டது. பற்றவைக்கும்போது கிளம்பும் கேட்மியம் புகை பட்டறையில் உட்கார்ந்திருப்பவர்களின் நுரையீரலைக் கெடுத்தது. இன்றைக்கு நீங்கள் கேட்க வேண்டியது ஹால்மார்க் மட்டும்தான். பற்றாசில் என்ன சேர்க்கிறார்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடையில் வாங்குங்கள்.

கேள்வி: நிச்சயதார்த்தத்துக்குப் போட்ட வெள்ளைத் தங்க மோதிரத்துக்குக் கீழே தோல் உரிகிறது. கல்யாணத்துக்கு பிளாட்டினம் மாற்றலாமா?
(மாப்பிள்ளை, ஓசூர்)

பதில்: தம்பி, முதலில் ஒரு வாரம் மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். கை கழுவும்போது சோப்பும் ஈரமும் மோதிரத்துக்கு அடியில் தேங்கினாலே தோல் உரியும். அது ஒவ்வாமை இல்லை. ஆறிய பிறகு, விரலை நன்றாகத் துடைத்துக் காய வைத்துத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அப்போதும் அரித்தால் மோதிரத்தின் மேல் சந்தேகப்படலாம். மஞ்சள் தங்கத்தை வெள்ளையாக்க நிக்கலோ பல்லேடியமோ சேர்ப்பார்கள். மேலே ரோடியம் முலாம் பூசுவார்கள். மோதிரம் நாள் முழுக்க உரசும் பொருள், முலாம் தேய்ந்தால் அடியில் இருப்பது தோலில் படும். எதைச் சேர்த்தார்கள் என்று வாங்கிய கடையில் கேளுங்கள். 950 முத்திரையிட்ட பிளாட்டினம் நல்ல தேர்வு. விலை பயமுறுத்தினால் சாதாரண 22 காரட் மஞ்சள் மோதிரம் போதும், கல் பதிக்காமல், உள்பக்கம் வழவழப்பாக.

கேள்வி: மெட்டி போட்டால் விரலெல்லாம் புண்ணாகிறது. வெள்ளியும் ஆகாதா?
(புதுமணப் பெண், தஞ்சாவூர்)

பதில்: நீங்கள் போட்டது வெள்ளிதானா என்று முதலில் பார்ப்போம். திருவிழாக் கடையில் 'ஜெர்மன் சில்வர்' என்று விற்பதில் ஒரு பொட்டு வெள்ளிகூட இருக்காது. செம்பு, துத்தநாகம், நிக்கல் மூன்றும் கலந்தது அது. உங்களைப் போன்றவர்களுக்கு அதைவிட மோசமான மெட்டி கிடையாது. 925 வெள்ளியில் மீதி 7.5 சதவீதம் பெரும்பாலும் செம்பு, அது பொதுவாகத் தொந்தரவு செய்யாது. முத்திரை உள்ள கடையில் வாங்குங்கள். புண் ஆறும்வரை கால் விரலுக்கு ஓய்வு கொடுங்கள். மாமியார் கேட்டால் புண்ணைக் காட்டுங்கள், வேறு விளக்கம் தேவைப்படாது. மெடிக்கலில் கேட்டு வாங்கும் ட்யூபைத் தடவாதீர்கள். பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும்.

கேள்வி: கோயில் நகை செட் போட ஆசை. அலர்ஜி உள்ளவர்கள் போடலாமா?
(வாசகி, மதுரை)

பதில்: எதில் செய்தது என்பதைப் பொறுத்தது. நாகர்கோவில் வடசேரியில் பழைய முறைப்படி செய்வது வெள்ளியில் வார்த்து, தங்க ரேக்கு ஒட்டி, கெம்புக் கல் பதித்தது. அதை நம்பிப் போடலாம், பின்பக்கம் வெள்ளியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நாட்டிய நகைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் செட் செம்பில் முலாம் பூசியது. ரெண்டும் முன்னால் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். விலையைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

கேள்வி: நகையின் பின்னால் நிறமில்லாத நெயில் பாலிஷ் பூசினால் அரிக்காது என்கிறார்களே?
(வாசகி, ஈரோடு)

பதில்: ஒரு சாயங்காலத்துக்குத் தாங்கும். வியர்த்து உரசினால் உரிந்துபோகும், திரும்பப் பூச வேண்டும். ரிசப்ஷன் செட்டுக்கு அவசர உதவியாக வைத்துக்கொள்ளுங்கள். தினம் போடும் கம்மலுக்கும் மூக்குத்திக்கும் இதை நம்பாதீர்கள். தங்கம் வாங்க முடியாத சமயத்தில் டைட்டானியம் கம்மல் நல்லது, விலையும் கட்டுப்படியாகும்.